நான்காவது விதி

சின்னவேடம்பட்டிப் பக்கம் வால்வு செய்யும் ஒரு தொழிற்சாலையில் சென்னியப்பன் உற்பத்தி மேலாளராக இருந்தார். ஐம்பத்திரண்டாவது வயதில் அவர் ஒரு குருவைத் தேடிப் போனார்.

குருவுக்கு வயது முப்பத்தைந்து. பெயர் ஜுபைதா. பொறியியல் கல்லூரி ஒன்றில் பாடம் எடுப்பவர். அவருடைய சனிக்கிழமை வகுப்பில், தன் மகளைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார் சென்னியப்பன். வகுப்பு முடிந்ததும் ஜுபைதா அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன கத்துக்க வந்தீங்க சார்?"

"இருபத்தாறைப் பத்தாக்கணுமுங்க டீச்சர்."

"எது இருபத்தாறு?"

"நாளுங்க. ஆர்டர் வந்து வால்வு வண்டி ஏற இருபத்தாறு நாள் ஆகுது. வெளிநாட்டுப் பார்ட்டி பத்து நாள்ல கேக்கறாங்க. கார்த்திகைக்குள்ள முடியலைன்னா ரெண்டாவது ஷிப்டை நிறுத்திடலாம்னு முதலாளி சொல்லிட்டாரு. அந்த ஷிப்டுல அறுபத்துநாலு பேருங்க."

"ஒரு வால்வு மெஷின்ல இருக்கற நேரம் மட்டும் எவ்வளவு?"

சென்னியப்பன் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். "எல்லாஞ் சேத்தி ஏழு மணி நேரம் இருக்குமுங்க."

"மிச்ச நாளெல்லாம் அது என்ன பண்ணுது?"

இருபத்தேழு வருஷ வேலையில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவருக்கே கேட்கத் தோன்றியதில்லை.

"திங்கக்கிழமை வர்றேன்," என்றார் ஜுபைதா.

சொன்னபடியே வந்தார். நேராக அலுவலகத்துக்குப் போகாமல், அப்போதுதான் வார்ப்பிலிருந்து வந்திருந்த ஒரு வால்வு பாடியை எடுத்து டிராலியில் வைத்தார்.

"இதுகூடவே போலாம் சார். இது எங்க போகுதோ அங்க."

டிராலியைச் சென்னியப்பனே தள்ளினார். வடக்கே லேத் மெஷின்கள் மொத்தமும் ஒரே இடத்தில் இருந்தன. அங்கே கடைந்தார்கள். தெற்கே மில்லிங் மெஷின்கள். அங்கே சீவினார்கள். துளை போட வளாகத்தைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போக வேண்டும். துளை போட்டபின் இன்னொரு கடைசல் பாக்கி இருந்தது, அதனால் மறுபடி வடக்கே. கடைசியில் வால்வின் முகத்தைக் கண்ணாடி மாதிரி தேய்த்தெடுக்கும் லேப்பிங் மெஷின்கள். அவை மூன்றும் கிழக்கு மூலையில் ஒரு கண்ணாடி அறைக்குள் இருந்தன. ஒவ்வொரு இடத்திலும் முன்னால் வந்த டிராலிகள் வரிசை கட்டி நின்றன. தங்கள் முறை வந்ததாக வைத்துக்கொண்டு இருவரும் மேலே மேலே நடந்தார்கள்.

ஒரே வாசலை நான்கு முறை தாண்டினார்கள். சாப்பாட்டு மணி அடித்தபோது சென்னியப்பனின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

ஜுபைதா கைபேசியில் நடந்த தூரத்தைப் பார்த்தார். "ரெண்டே கால் கிலோமீட்டர்."

"பழனிக்குப் பாதயாத்திரை போற மாதிரியல்ல போகுதுங்க," என்றார் சென்னியப்பன். அந்த இடவமைப்பைப் பதினொரு வருஷத்துக்கு முன்னால் போட்டவர் அவர்தான். அதைச் சொல்லாமலே விட்டார்.

ஜுபைதா தரையில் சாக்பீஸால் ஐந்து வட்டம் போட்டார். "ஒரே ஜாதி மெஷினை ஒண்ணா வெச்சிருக்கீங்க. அதை விட்டுட்டு, ஒரு வகை வால்வுக்கு என்னென்ன மெஷின் வேணுமோ அதையெல்லாம் ஒரே வட்டத்துக்குள்ள வெச்சா? ஒரு லேத், ஒரு மில்லிங், ஒரு டிரில்லிங். கை எட்டற தூரத்துல. இந்த வட்டத்துக்குப் பேர் செல்."

சென்னியப்பனுக்குள் ஏதோ சட்டென்று திறந்துகொண்டது. ஐந்து வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்பத்திரண்டு மெஷின்களும் கண்ணுக்குள் எழுந்து நடமாட ஆரம்பித்தன.

"எந்த மெஷின் எந்த செல்லுக்குன்னு பிரிச்சாப் போதுமுங்களா?"

"போதும்."

"அப்ப எல்லா விதத்தையும் எழுதிப் பாத்து, இருக்கறதுலயே நல்லதை எடுத்துடறேனுங்க."

"எழுதுங்க சார்."

சாயங்காலம் வரை எழுதினார். முப்பத்தெட்டு விதம் ஆகியிருந்தது. ஜுபைதாவுக்குப் போன் போட்டார்.

"டீச்சர், மொத்தம் எத்தனை விதம் இருக்குமுங்க?"

"முப்பது இலக்கத்துல ஒரு எண் சார்."

சென்னியப்பன் நோட்டை மூடி வைத்தார்.

மறுநாள் மதியம் கேன்டீனில் ஜுபைதா கத்தரிக்கோலும் செலோ டேப்பும் கொண்டுவந்தார். கூடவே நீளமான காகிதப் பட்டைகள். ஒவ்வொரு பட்டையிலும் நாற்பத்திரண்டு கட்டம். ஒரு கட்டம் ஒரு மெஷின். அதில் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எந்த எண்ணை எழுதுகிறோமோ அந்த செல்லில் அந்த மெஷின். அவ்வளவுதான் விளையாட்டு. சாப்பிட வந்தவர்களிடமெல்லாம் பட்டையை நீட்டினார்.

"மனசுல பட்டதை எழுதுங்க. யோசிக்க வேண்டாம்."

நாற்பது பேர் எழுதினார்கள். ரெண்டாவது ஷிப்டுக்கு வந்த பெண்கள் கைகழுவும் இடத்திலேயே நின்றுகொண்டு எழுதினார்கள். பராமரிப்புப் பிரிவு போர்மேன் துரைக்கண்ணு மட்டும் கேன்டீனுக்கு வரவில்லை. அவர் எழுதிய பட்டை வேறொருவர் கையில் வந்தது. சென்னியப்பன் இருக்கும் இடத்துக்குத் துரைக்கண்ணு வருவதில்லை, அவர் இருக்கும் இடத்துக்குச் சென்னியப்பனும் போவதில்லை. இருவருக்கும் பேச்சு நின்று ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. வேலைக்கு வேண்டியதைச் சீட்டில் எழுதி அனுப்பிக்கொள்வார்கள்.

"எழுதினதையெல்லாம் ஏத்துக்கலாமா சார்? இல்ல, இது நடக்காது அது நடக்காதுன்னு விதி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் ஜுபைதா.

விதி இல்லாமலா? சென்னியப்பன் பதினொரு விதிகளை மளமளவென்று சொன்னார். பெரிய லேத்தை நகர்த்த முடியாது, அதன் அடித்தளம் ஆழம். கழுவும் தொட்டி வடிகால் பக்கம்தான் இருக்க வேண்டும். இப்படிப் போய் நான்காவதாக வந்தது லேப்பிங். அந்த மூன்றையும் பிரிக்கவே கூடாது. தூசு பட்டால் வால்வு ஒழுகும்.

ஜுபைதா எதையும் கேள்வி கேட்காமல் பதினொன்றையும் எழுதிக்கொண்டார்.

விதியை மீறிய பட்டைகளைச் சென்னியப்பன் தனியே பிரித்தார். பெரும்பாலானவர்கள் தொழிற்சாலையை அறிந்தவர்கள் என்பதால் நாலைந்துதான் அப்படி இருந்தன. அதில் துரைக்கண்ணுவுடையதும் இருந்தது. மூன்று லேப்பிங் மெஷின்களையும் மூன்று செல்லில் போட்டிருந்தார்.

"வேணும்னே பண்ணிருக்கான்," என்று முணுமுணுத்துக்கொண்டு அதைக் குப்பைக்கூடையில் போட்டார் சென்னியப்பன்.

மிச்சமிருந்தவற்றுக்கு ஜுபைதாவின் மடிக்கணினி மதிப்பெண் போட்டது. ஒரு வாரத்தில் எத்தனை தடவை டிராலி தன் செல்லை விட்டு வெளியே போகிறது என்பதுதான் கணக்கு. எண் குறைந்தால் நல்லது. நானூறு, முந்நூற்று எழுபது, முந்நூற்றுத் தொண்ணூறு. எல்லாமே மோசம். மிக நல்லது முந்நூற்று நாற்பது.

ஜுபைதா அந்த முந்நூற்று நாற்பதையும் இன்னொரு பட்டையையும் எடுத்தார். இரண்டையும் நடுவில் கத்தரித்தார். இதன் முன்பாதியோடு அதன் பின்பாதியை ஒட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு கட்டத்தில் விரலை வைத்து, அதிலிருந்த எண்ணை மாற்றினார்.

"இது அதுக ரெண்டுக்கும் பொறந்த குழந்தை. பாக்கலாம்."

முந்நூற்றுப் பன்னிரண்டு.

கேன்டீனில் ஒரு சலசலப்பு எழுந்தது. சென்னியப்பன் கத்தரிக்கோலைத் தானே வாங்கிக்கொண்டார். வெட்டினார், ஒட்டினார். மோசமாக வந்ததைத் தூக்கிப் போட்டார், நல்லதை இன்னொரு நல்லதோடு ஜோடி சேர்த்தார். முந்நூற்று ஐம்பது வந்தது, போட்டார். முந்நூற்று ஒன்று வந்தது, வைத்தார். இருநூற்று எண்பத்தெட்டு. சாம்பார் ஆறிப்போனது. யாரும் கவனிக்கவில்லை.

"டீச்சர், இதுல ஒண்ணைக்கூட யாரும் யோசிச்சுப் போடலையே. அப்புறம் எப்படிங்க நல்லாகுது?"

"இன்னும் கொஞ்சம் வெட்டுங்க சார்," என்றார் ஜுபைதா.

கத்தரிக்கோலின் வேலையை அதற்குப் பிறகு ஜுபைதா எழுதிய கணினி ப்ரோக்ராம் பார்த்துக்கொண்டது. ஒரு தலைமுறைக்கு நூறு பட்டை. ஒரு நிமிஷத்துக்கு ஐம்பது தலைமுறை. அதை எப்படி ஓட்டுவது என்று ஜுபைதா அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். சென்னியப்பன் தன் மேஜைக் கணினியில் ஓட்டிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு நாளும் வந்த நல்ல எண்ணைக் கேன்டீன் கரும்பலகையில் எழுதி வைத்தார். ஆட்கள் உள்ளே நுழையும்போதே கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல் கேட்டார்கள்.

"இன்னைக்கு எவ்வளவுங்க சார்?"

வெள்ளிக்கிழமை காலை அவர் ஜுபைதாவைப் போனில் கூப்பிட்டார்.

"டீச்சர், பூஜ்யம் வந்துருச்சுங்க."

"பூஜ்யமா?"

"ஒரு டிராலிகூட வெளிய போகலீங்க. ஒரு நடைகூட இல்ல. இப்பவே முதலாளிகிட்டச் சொல்லிடட்டுங்களா?"

"நான் வந்துடறேன் சார். எந்த மெஷின் எந்த செல்லுல இருக்குன்னு படிச்சு வைங்க."

அவர் வருவதற்குள் சென்னியப்பன் படித்துவிட்டிருந்தார். ஜுபைதா உள்ளே வந்தபோது சென்னியப்பன் தலையைத் தொங்கப் போட்டிருந்தார்.

"நாப்பத்திரண்டும் ஒரே செல்லுல இருக்குதுங்க. மிச்சம் நாலும் காலி. மொத்தத் தொழிற்சாலையும் ஒரே செல்லு. அப்புறம் டிராலி எப்படிங்க வெளிய போகும்? ஏமாத்திருச்சு."

"நீங்க அதுகிட்ட என்ன கேட்டீங்க?"

"டிராலி வெளிய போகக் கூடாதுன்னு."

"போச்சா?"

"போகலீங்க."

ஜுபைதா சிரிக்கவில்லை. சென்னியப்பனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. ஒரு செல்லுக்கு ஒன்பது மெஷினுக்கு மேல் கூடாது என்று அவரே பன்னிரண்டாவது விதியைச் சேர்த்து மறுபடி ஓட்டினார். பூஜ்யம் இருநூற்று அறுபதாக எகிறியது. கரும்பலகையில் அதை எழுதியபோது கேன்டீனே உச்சுக்கொட்டியது.

ஆனால் மறுநாளிலிருந்து இறங்க ஆரம்பித்தது. இருநூற்றுப் பத்து. நூற்று அறுபத்தைந்து. நூற்று முப்பது. ஆயுத பூஜைக்கு நாலு நாள் தொழிற்சாலையை மூடி, கிரேன் வைத்து மெஷின்களை நகர்த்த முதலாளி சம்மதித்துவிட்டார். ஆனால் நூறுக்குக் கீழே வந்தால்தான் பத்து நாள் கைக்கு எட்டும். அதைச் சென்னியப்பன் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

நூற்றுப் பதினெட்டில் நின்றது.

ஒரு நாள் நின்றது. இரண்டு நாள் நின்றது. ஆயிரம் தலைமுறை ஓட்டினார், நூற்றுப் பதினெட்டு. ஐயாயிரம் ஓட்டினார், நூற்றுப் பதினெட்டு. கரும்பலகை எண்ணை அழித்து அதே எண்ணை எழுத அவருக்கே கூச்சமாக இருந்தது. யாரும் இப்போது ஸ்கோர் கேட்கவில்லை. ஆயுத பூஜைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

ஜுபைதா வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இப்ப இருக்கற நூறு பட்டையில முதலாவதைப் படிங்க சார்."

சென்னியப்பன் எண்களை வரிசையாகப் படித்தார்.

"ரெண்டாவது?"

படித்தார். "அதேதானுங்க."

"அம்பதாவது?"

"அதேதான். கடைசியில ஒரு கட்டம் மட்டும் வேற."

"நூறாவது?"

அவர் படிக்கவில்லை.

"இங்க எத்தனை பேர் இருக்காங்க சார்?"

"ஒரே ஆளுதானுங்க. நூறு சட்டை போட்டுட்டு நிக்கறான்."

"மத்தவங்க எங்க போனாங்க?"

"விதியை மீறினதையெல்லாம் அன்னன்னிக்கே எடுத்துட்டேனுங்களே. மோசமானதையும் எடுத்துட்டேன்."

"எடுக்காம விட்டா?"

"தப்பானதை வெச்சுட்டு என்னங்க பண்றது டீச்சர்? விதின்னா விதிதானே?"

ஜுபைதா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். ப்ரோக்ராமில் ஒரே ஒரு வரியை மாற்றினார். விதியை மீறிய பட்டையைக் கொல்ல வேண்டாம். மீறிய ஒவ்வொரு விதிக்கும் அபராதமாக மதிப்பெண்ணில் கொஞ்சம் ஏற்றிவிட்டு, உயிரோடு இருக்க விடு.

"ஓட்டுங்க சார்."

முதல் சில நிமிஷம் எண் ஏறியது. நூற்று நாற்பது, நூற்று அறுபது. சென்னியப்பன் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு மெல்ல இறங்கியது. நூற்றுப் பதினெட்டைத் தொட்டது. அங்கே நிற்கவில்லை. நூற்று நாலு. தொண்ணூற்று ஒன்று. சென்னியப்பன் தன்னையறியாமல் நாற்காலியை விட்டு எழுந்திருந்தார். எழுபத்தாறு. அறுபத்தெட்டு. அறுபத்தொன்று.

அறுபத்தொன்றில் நின்றது. அபராதமும் சேர்த்துத்தான் அறுபத்தொன்று.

"எந்த விதியை மீறிருக்கு?" என்று கேட்டார் ஜுபைதா.

சென்னியப்பன் குனிந்து பார்த்தார். மற்ற பதினொன்றும் சரியாக இருந்தன. "நாலாவது மட்டுமுங்க. லேப்பிங்கைப் பிரிச்சிருச்சு. மூணு செல்லுக்கு மூணு." மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப இது ஆகாதுங்க."

"நாலாவது விதியை யார் போட்டாங்க?"

"அது எப்பவும் அப்படித்தானுங்க. எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்குமா? அன்னிக்குக் கேன்டீன்ல ஒருத்தராவது லேப்பிங்கைப் பிரிச்சு எழுதலையா?"

சென்னியப்பன் குப்பைக்கூடையில் போட்ட பட்டை அவர் கண்முன் வந்தது. அதைச் சொன்னார். துரைக்கண்ணுவின் பேரையும் சொன்னார்.

"அவன் எதுக்கு அப்படிப் போட்டான்னு எனக்குத் தெரியாதுங்க டீச்சர்."

"எனக்கும் தெரியாது சார்," என்றார் ஜுபைதா. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பராமரிப்புப் பிரிவு கொட்டகை அலுவலகத்திலிருந்து நூறு அடிதான். சென்னியப்பன் அங்கே போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு முறை திரும்பி வந்தார். ஒரு முறை சீட்டில் எழுதி அனுப்பிவிடலாம் என்று பேனாவை எடுத்தார். 'லேப்பிங் மெஷின்கள் மூன்றையும்' என்று எழுதிவிட்டு, அதற்கு மேல் ஓடவில்லை.

துரைக்கண்ணு ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார். சென்னியப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்.

"சீட்டு எங்கீங்க சார்?"

"சீட்டு இல்ல. பேசலாம்னு வந்தேன்."

துரைக்கண்ணு ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"லேப்பிங் மூணையும் எதுக்குப் பிரிச்சுப் போட்டே?"

"பிரிக்கலாமுங்க. அதனால போட்டேன்."

"தூசு?"

"அந்தக் கண்ணாடி ரூம் எந்த மெஷினுக்குக் கட்டுனதுங்க? பழைய லேப்பிங்குக்கு. அது வாயைத் திறந்துட்டு நிக்கற மெஷின். அதை வித்து ஏழு வருசமாச்சு. இப்ப இருக்கற மூணும் மூடியோட வந்தது. காத்தை இழுத்து வடிகட்ட உள்ளயே ஃபேன் இருக்குதுங்க. தெருவுல வெச்சாலும் ஓடும்."

"இருந்தாலும் ரூமுக்குள்ள ஏசி..."

"ஏசி நின்னு ஒன்றரை வருசமாச்சுங்க."

சென்னியப்பன் கண்ணாடி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஒன்றரை வருசமா அந்த ரூமுக்குள்ள எல்லாத் தூசும் போயிட்டு வருது. ஒரு வால்வு ஒழுகுச்சுங்களா?"

"என்கிட்டச் சொல்லிருக்கலாமே."

"ரெண்டு தடவை எழுதுனேனுங்க. ஏசி நின்னுருச்சு, ஆனா தேவையில்லைன்னு. சீட்டு உங்க மேஜைக்குத்தான் வந்துது."

துரைக்கண்ணுவின் கையெழுத்தைப் பார்த்தாலே சென்னியப்பன் படிக்காமல் கிளிப்பில் செருகி வைத்துவிடுவார். அவசரம் என்றால் வேறு யாராவது வந்து சொல்லட்டும் என்று விட்டுவிடுவார். அந்தக் கிளிப் இப்போது எவ்வளவு கனமாக இருக்கும் என்று யோசித்தார்.

வெளியே எங்கோ டிராலி ஒன்று கடகடத்துப் போனது.

"அன்னிக்கு அந்த லேத் நின்னுச்சே," என்றார் சென்னியப்பன். ஒன்பது வருஷத்துக்கு முன் அவசர ஆர்டர் நடுவில் நின்றுபோன லேத். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவனெல்லாம் போர்மேனா என்று அத்தனை பேர் முன்னால் அவர் துரைக்கண்ணுவைக் கேட்ட நாள். "அதுல எண்ணெய் ஊத்தாம விட்டது எங்க ஆளுக. மறுநாளே எனக்குத் தெரிஞ்சுருச்சு."

துரைக்கண்ணு மோட்டாரிலிருந்து கழன்ற ஒரு திருகை எடுத்து டப்பாவில் போட்டார்.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியுமுங்க," என்றார். பிறகு பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க. மூடியைக் கழட்டிக் காட்டறேன்."

மறுநாளே ஒரு லேப்பிங் மெஷினைக் கண்ணாடி அறையிலிருந்து வெளியே எடுத்தார்கள். இரும்புத்தூள் பறக்கும் வடக்குக் கட்டில், இரண்டு லேத்துகளுக்கு நடுவே அதை நிறுத்தினார்கள். மூன்று நாள் அங்கேயே ஓட்டினார்கள். நாற்பது வால்வுகள் தேய்த்து முடிந்தன. நான்காம் நாள் அத்தனையையும் சோதனைத் தொட்டிக்குக் கொண்டுவந்தார்கள்.

சோதனை எளிமையானது. வால்வை மூடி, உள்ளே காற்றை ஏற்றி, தண்ணீருக்குள் அமுக்குவார்கள். ஒரு குமிழி வந்தாலும் ஒழுகுகிறது என்று அர்த்தம்.

ஷிப்ட் மாறும் நேரம். இறங்கியவர்கள் வீட்டுக்குப் போகவில்லை, ஏறியவர்கள் மெஷினுக்குப் போகவில்லை. தொட்டியைச் சுற்றி நூறு பேருக்கு மேல் நின்றார்கள். துரைக்கண்ணு வால்வை அமுக்கினார். சென்னியப்பன் முகம் தண்ணீரில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

முதல் வால்வு. தண்ணீர் அசையவில்லை. ஐந்தாவது, பத்தாவது. பதினேழாவதில் ஒரு குமிழி வந்தது. துரைக்கண்ணு வால்வை வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி அமுக்கினார். வரவில்லை. அடியில் ஒட்டிக்கொண்டு வந்த காற்று.

இருபத்தைந்து. முப்பது. முப்பத்தெட்டாவது வரும்போது பின்னால் இருந்தவர்கள் எண்ண ஆரம்பித்தார்கள். முப்பத்தொன்பது. நாற்பது.

தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது.

ஒரு பெண் கையைத் தட்டினாள், பிறகு எல்லோரும் தட்டினார்கள். சென்னியப்பனின் மூக்குக் கண்ணாடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துரைக்கண்ணு தோளில் கிடந்த துணியை எடுத்து நீட்டினார்.

"துடைச்சுக்கங்க."

ஒன்பது வருஷத்தில் அவர் சென்னியப்பனுக்குத் தன் கையால் நீட்டிய முதல் பொருள் அதுதான். சென்னியப்பன் அந்தத் துணியை வாங்கிக்கொண்டு போய் நான்காவது விதியைப் பட்டியலிலிருந்து அடித்தார்.

ஆயுத பூஜை நாலு நாளும் தொழிற்சாலை அதிர்ந்தது. சந்தனமும் குங்குமமும் வைத்த மெஷின்களைக் கிரேன் தூக்கியது. எது எங்கே என்று சென்னியப்பன் தாளைப் பார்த்துச் சொன்னார். வயர் எப்படி வரும், அடியில் எவ்வளவு கான்கிரீட் என்று துரைக்கண்ணு பார்க்காமலே சொன்னார். கண்ணாடி அறையைப் பிரித்து எடுத்தார்கள். ஐந்தாம் நாள் காலை, ஐந்து செல்லுக்கும் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட்டார்கள்.

முதல் ஆர்டர் பதின்மூன்று நாளில் போனது. இரண்டாவது பதினொன்று. மூன்றாவது ஆர்டரில் கடைசி வால்வு வண்டியில் ஏறியபோது, சென்னியப்பன் காலண்டரை மூன்று முறை எண்ணினார். ஒன்பது. கார்த்திகை பிறக்க இன்னும் நாலு நாள் இருந்தது. ரெண்டாவது ஷிப்டை நிறுத்தும் பேச்சை முதலாளி அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை.

ஜுபைதா ஒரு சனிக்கிழமை வகுப்பு முடித்துவிட்டு வந்தார். சென்னியப்பன் அவரை ஐந்து செல்லுக்கும் அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். ஒரு வால்வு லேத்திலிருந்து மில்லிங்குக்குப் போக, ஆள் எழுந்து நடக்கவே வேண்டியதில்லை. திரும்பிக் கொடுத்தால் போதும். இரண்டாவது செல்லில் துரைக்கண்ணு ஒரு விளக்கை மாட்டிக்கொண்டிருந்தார். ஜுபைதாவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

கேன்டீனில் டீ வந்தது. சென்னியப்பன் டீயைத் தொடவில்லை. கேட்க ஒன்று இருந்தது.

"டீச்சர், இப்ப வந்த எண்ணுக்கும் கீழ இருக்குமுங்களா?"

"இருக்கும் சார்."

"நாப்பது?"

"இருக்கலாம்."

"மிச்சம் பதினொரு விதி இருக்குதுங்க. அதுலயும் ஏதோ ஒண்ணு இந்த நாலாவது மாதிரி பொய்யா இருந்தா?" அவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "எங்க போய்த் தேடறதுன்னு மட்டும் சொல்லிடுங்க. இன்னைக்கே ஆரம்பிச்சுடறேன். தலைமுறையைக் கூட்டறதா, பட்டையைக் கூட்டறதா? அபராதத்தைக் குறைக்கறதா?"

ஜுபைதா டீயைக் குடித்து முடித்தார். டம்ளரை மேஜையில் வைத்தார்.

"இந்தத் தொழிற்சாலையில நீங்க இன்னும் யார் யார்கிட்ட பேசறதில்ல சார்?"

சென்னியப்பன் மேஜைக்குக் கீழே மெதுவாக விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

ஒரு கை போதவில்லை.